தியன் பியன் ஃபூ சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1954 மே 7 மாலை. வியட்நாமின் வடமேற்கு மூலையில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், பிரெஞ்சுத் தளபதி தன் பதுங்கு அறையிலேயே பிடிபட்டார். ஏறக்குறைய நூறாண்டாக ஊன்றியிருந்த பிரெஞ்சு ஆதிக்கம் அடுத்த இரண்டரை மாதத்தில் பேச்சுவார்த்தை மேசையில் கையெழுத்தாகி முடிந்தது. இந்தச் சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சைக்கிளைப் பற்றிக் கேட்டால் மட்டும் என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தியன் பியன் ஃபூ எங்கே இருக்கிறது?

ஹனோயிலிருந்து மேற்கே, வான்வழியில் சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில், லாவோஸ் எல்லையை ஒட்டி. சுற்றிலும் காடு மூடிய மலைகள். நடுவில் பதினாறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நெல்வயல். அதன் ஊடே நாம் ரோம் ஆறு. வயலில் பாடுபட்டவர்கள் தாய் இனப் பழங்குடி மக்கள். தரைவழியாகப் போனால் தூரம் இன்னும் அதிகம்; அன்றைக்கு அது மழை பெய்தால் கரைந்துபோகும் மலைச்சாலை.

1945இலேயே வியட்நாம் சுதந்திரம் அறிவித்துவிட்டதே, அப்புறம் எதற்கு இந்தச் சண்டை?

அறிவித்தது உண்மைதான். ஜப்பான் சரணடைந்த சூட்டோடு சூடாக, 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா தின் திடலில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் வடக்கே கடும் பஞ்சத்தில் பல லட்சம் பேர் செத்திருந்தார்கள். ஜப்பானியப் படையும் பிரெஞ்சு நிர்வாகமும் நெல்லைக் கட்டாயக் கொள்முதல் செய்துகொண்டிருந்த நேரத்தில் வந்த பஞ்சம் அது. ஜனங்கள் அதை மறக்கவில்லை.

பிரான்ஸோ விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. 1858இல் தா நாங் துறைமுகத்தைத் தாக்கித் தொடங்கிய பிடி அது. 1887இல் இந்தோசீன ஒன்றியம் என்று ஒரே நிர்வாகமாக்கி, அரிசி, ரப்பர், நிலக்கரி என்று வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1946 நவம்பரில் ஹைபோங் துறைமுக நகரத்தின்மேல் பிரெஞ்சுக் கப்பல்கள் குண்டு பொழிந்தன. டிசம்பரில் முழுப்போர் மூண்டது. அடுத்த ஏழாண்டுகள் நகரங்கள் பிரான்ஸ் கையில், காடும் மலையும் பெரும்பாலான கிராமங்களும் ஹோ சி மின் தலைமையிலான வியட் மின் விடுதலை இயக்கத்தின் கையில் என்று இழுபறியாகப் போனது.

அவ்வளவு தூரத்தில், மலைப்பள்ளத்தில் போய் ஏன் முகாம் போட்டார்கள்?

இன்று கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அன்று அதற்குக் கணக்கு இருந்தது. லாவோஸைக் காப்பதாகப் பிரான்ஸ் வாக்குக் கொடுத்திருந்தது. வியட் மின் படை லாவோஸுக்குள் போகும் வழிகளில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு. வழியை அடைத்து உட்கார்ந்தால் எதிரி வந்து மோதுவான், வெட்டவெளியில் மோதினால் விமானமும் பீரங்கியும் அவனைத் தீர்த்துவிடும் என்பது தலைமைத் தளபதி ஆன்ரி நவாரின் திட்டம். 1952 கடைசியில் நா சான் என்ற இடத்தில் இதே உத்தி பலித்திருந்தது. விமானத்தில் மட்டுமே சோறும் குண்டும் வந்த அந்த முகாமில் மோதி வியட் மின் பலத்த அடி வாங்கியது.

ஆகவே 1953 நவம்பர் 20 அன்று பாராசூட் படை இறங்கியது. பழைய ஓடுபாதையைச் செப்பனிட்டு, இரும்புத் தகடு பரப்பி, பத்து டாங்கிகளைப் பாகம் பாகமாக விமானத்தில் கொண்டுவந்து அங்கேயே பூட்டினார்கள். முகாமுக்குக் கர்னல் தெ காஸ்திரி தலைவரானார். மேடுகளுக்கெல்லாம் பெண் பெயர்: பெயாத்ரீஸ், காப்ரியேல், ஆன்-மாரி, எலியான், தொமினிக், யூகெத், குலோதீன், தெற்கே தனியாக இசபெல். இவை தெ காஸ்திரியின் காதலிகளின் பெயர்கள் என்று ஒரு வம்பு இன்றும் சுற்றுகிறது. அகரவரிசையில் பெயர் வைத்ததைத் தாண்டி அதில் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

நா சானுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இங்கே சுற்றியிருந்த உயரமான மலைகள் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இல்லை. அங்கே கனரக பீரங்கியைக் கொண்டுவர எதிரியால் முடியாது, கொண்டுவந்தாலும் அவற்றுக்குக் குண்டு கொண்டுவர முடியாது, சுட்டால் உடனே கண்டுபிடித்து நொறுக்கிவிடலாம். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அனுமானங்கள். அடியில் இருந்தது சரிந்ததும் எல்லாமே சரிந்தன.

ஹோ சி மின்னைக் காட்டில் சந்தித்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் வில்பிரட் பர்ச்செட் நிலைமை என்ன என்று கேட்டாராம். ஹோ தன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் மல்லாத்தி வைத்தார். உள்ளே அடியைக் காட்டி இங்கே அவர்கள், விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி இங்கே நாங்கள் என்றார்.

பிரெஞ்சுப் படை என்றால் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களா?

இல்லை, சொந்த நாட்டுக்காரர்கள் அங்கே சிறுபான்மைதான். வெளிநாட்டுப் படையணி எனப்படும் கூலிப்படையில் ஜெர்மானியர்கள் ஏராளம். மற்றபடி அல்ஜீரியர்கள், மொராக்கோக்காரர்கள், மேற்கு ஆப்பிரிக்கர்கள், உள்ளூர்த் தாய் இனத்தவர், வியட்நாமியர்களேகூட. ஒரு காலனியைத் தக்கவைக்க மற்றக் காலனிகளின் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். காப்ரியேல் மேட்டைக் காத்துச் செத்தவர்கள் அல்ஜீரியர்கள். இதன் பலனைப் பிரான்ஸ் அதே வருஷம் வேறொரு கண்டத்தில் பார்த்தது.

எதிர்த்தரப்பில் ஜெனரல் ஜியாப் எந்த ராணுவக் கல்லூரியில் படித்தவர்?

எதிலும் இல்லை. வோ நுயென் ஜியாப் ஹனோயில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார். அவருடைய முதல் மனைவி பிரெஞ்சுச் சிறையில் இறந்தார். 1944 டிசம்பரில் 34 பேரோடு ஒரு சிறு ஆயுதக்குழுவை அமைத்தார். பத்தாண்டுக்குள் அது ஐந்து டிவிஷன்களை ஒரே களத்தில் நிறுத்தும் படையாகிவிட்டது. தியன் பியன் ஃபூவைச் சுற்றி நின்ற போர்வீரர்கள் சுமார் ஐம்பதாயிரம் பேர். உள்ளே இருந்தவர்கள் தொடக்கத்தில் பதினோராயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு பாராசூட்டில் இறங்கியவர்களையும் சேர்த்தால் பதினையாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே.

ஜனவரியிலேயே தாக்கத் தயாராகிவிட்டு ஏன் பின்வாங்கினார்?

என்னைக் கேட்டால் சண்டையின் முடிவு இங்கேதான் தீர்மானமானது, மே மாதத்தில் இல்லை.

முதல் திட்டம் அவசரத் திட்டம். பிரெஞ்சு முகாம் முழுசாகக் காலூன்றுமுன், இரண்டு மூன்று நாளில் எல்லாப் பக்கமிருந்தும் பாய்ந்து முடித்துவிட வேண்டும். சீன ஆலோசகர்களும் அதற்கு ஆதரவு. ஜனவரி 25 என்று நாள் குறித்து, ஒரு நாள் தள்ளிப்போய் 26 ஆனது. ஆனால் நாள் நெருங்க நெருங்க ஜியாப்புக்குத் தூக்கம் போனது. அவருடைய படை அதுவரை இவ்வளவு பெரிய அரண் தொகுப்பைத் தாக்கியதில்லை. காலாட்படையும் பீரங்கிப்படையும் இந்த அளவில் சேர்ந்து சண்டையிட்டுப் பழக்கமில்லை. இருட்டில் அடித்துவிட்டு விடியுமுன் காட்டுக்குள் போய்விடும் வீரர்கள், பட்டப்பகலில் திறந்த வயலில் நாள்கணக்கில் நின்றாக வேண்டும். புறப்படுமுன் ஹோ சி மின் சொல்லியனுப்பியதும் மனதில் இருந்தது: வெற்றி நிச்சயமென்றால் தாக்கு, இல்லையென்றால் தாக்காதே.

26ஆம் தேதி காலை, இரவெல்லாம் தலைவலியில் கிடந்தவர், நெற்றியில் பச்சிலை வைத்துக் கட்டிய கோலத்திலேயே தலைமை ஆலோசகர் வெய் குவோசிங்கிடம் போய்த் திட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். அவர் ஒத்துக்கொண்டார். பிறகு தன் சொந்தத் தளபதிகளைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. இது லேசான வேலை இல்லை. உயிரைக் கொடுத்து மலைமேல் ஏற்றிய பீரங்கிகளை மறுபடி கீழே இறக்கு என்று சொல்ல வேண்டும். தன் வாழ்க்கையிலேயே கடினமான முடிவு அதுதான் என்று ஜியாப் பிற்பாடு எழுதினார். "வேகமாக அடி, வேகமாக வெல்" போய், "உறுதியாக அடி, உறுதியாக முன்னேறு" வந்தது. ஒன்றரை மாதம் தாமதம். அந்த ஒன்றரை மாதத்தில் அரிசி வந்தது, குண்டு வந்தது, சாலை வந்தது.

பீரங்கிகளை எப்படி மலையில் ஏற்றினார்கள்?

கயிறு கட்டி இழுத்துத்தான். 105 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றின் எடை இரண்டு டன்னுக்கு மேல். லாரி போகிற தூரம்வரை லாரி. அதற்கப்புறம் காட்டை வெட்டிப் போட்ட தடத்தில் ஒரு பீரங்கிக்கு நூறு பேர் வரை வடம் பிடிப்பார்கள். ஒருவன் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரு மூச்சில் இழுக்க, ஓரிரு சாண் நகர்ந்ததும் சக்கரத்துக்குப் பின்னால் இருவர் முட்டுக்கட்டையைத் தள்ளுவார்கள். வேலையெல்லாம் ராத்திரியில். விளக்கு கூடாது, ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பாதாளம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. திட்டம் மாறி பீரங்கிகளைத் திருப்பிக் கொண்டுபோனபோது ஒரு சரிவில் வடம் அறுந்து, விமான எதிர்ப்பு பீரங்கி ஒன்று உருளத் தொடங்கியது. தோ வின் தியன் என்ற வீரர் சக்கரத்துக்கு அடியில் தன் உடம்பையே முட்டுக் கொடுத்து இறந்தார். பீரங்கி நின்றது.

மலைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, தலைக்குமேல் சுடுவதுதான் பீரங்கிப்படையின் பாடநூல் முறை. ஜியாப்பின் ஆட்கள் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவிலேயே குகை மாதிரிக் குடைந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதித்தார்கள். வெளியே தெரிவது சின்ன வாய் மட்டும். பக்கத்தில் மரத்தால் செய்த போலி பீரங்கிகளை வைத்து, பிரெஞ்சுக் குண்டுகளை அவற்றின்மேல் வீணாக்க வைத்தார்கள்.

சைக்கிளில் சாமான் கொண்டுபோய் ஒரு வல்லரசைத் தோற்கடித்தார்கள் என்பது உண்மையா, கதையா?

உண்மைதான். முழு உண்மையும் அது மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் அரிசிக் கணக்கைப் பாருங்கள். ஐம்பதாயிரம் வீரர்கள் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். அரிசி விளைவதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தான் ஹோவா போன்ற சமவெளி மாகாணங்களில். தோள்சுமையாகவே கொண்டுபோனால் சுமப்பவனும் வழியில் தின்ன வேண்டும், வெறும் கையோடு திரும்பும்போதும் தின்ன வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ அரிசி களத்துக்குப் போய்ச்சேர இருபது கிலோவுக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆகவே ஓர் ஆள் சுமக்கும் எடையை எப்படியாவது கூட்ட வேண்டும். அங்கேதான் சைக்கிள் வந்தது.

அதை யாரும் ஓட்டவில்லை, தள்ளினார்கள். பல வண்டிகள் பிரான்ஸில் செய்த பெர்ஷோ. ஹேண்டில்பாரின் இடப்பக்கத்தில் ஒரு நீளமான மூங்கில் கழியைக் கட்டினால், வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே திருப்பலாம். சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழி நெட்டுக்குத்தாக; ஏற்றத்தில் தள்ளுவதற்கும் இறக்கத்தில் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பதற்கும் அதுதான் பிடி. சட்டத்துக்கு இரும்போ மரமோ வைத்து முட்டுக் கொடுப்பார்கள். கூரான கல்லில் டயர் கிழியாமலிருக்க, பழந்துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ட்யூபுக்கு மேல் சுற்றுவார்கள். பெடலைக் கழற்றி எறிந்துவிடலாம், அதனால் பிரயோஜனமில்லை. இப்படித் தயாரான வண்டி 200 கிலோ சர்வசாதாரணமாகத் தாங்கும். ஃபூ தோ மாகாணத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரே நடையில் 352 கிலோ தள்ளியதாகப் பதிவு இருக்கிறது. சுமார் இருபதாயிரம் சைக்கிள்கள் இப்படி ஓடின. இல்லை, நடந்தன.

சைக்கிள் கிடைக்காதவர்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்துகொண்டார்கள். தான் ஹோவாவின் விவசாயி ஒருவர் சக்கரத்துக்குப் பலகை பற்றாமல், வீட்டில் முன்னோருக்குப் படையல் வைக்கும் மேடையின் மரத்தை எடுத்துப் பயன்படுத்தினார். அந்த வண்டி இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வியட்நாம் குடும்பத்தில் அந்த மேடைக்கு இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்கு அவர் செய்தது என்னவென்று புரியும்.

லாரிகளும் இருந்தன. சோவியத் லாரிகள், நூற்றுக்கணக்கில். கனமான குண்டுகளும் பீரங்கிகளும் பெரும்பாலும் அவற்றில்தான் வந்தன. குதிரை, தெப்பம் எல்லாம் உண்டு. மொத்தம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுமைவேலையிலும் சாலைவேலையிலும் ஈடுபட்டார்கள் என்பது வியட்நாம் தரப்புக் கணக்கு; பெண்கள் கணிசமாக. விமானம் பகலில் சாலையைக் குண்டு போட்டு உடைக்கும், ராத்திரியில் இவர்கள் நிரப்புவார்கள். இத்தனை பேரும் வெறும் தேசபக்தியால் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். கட்சியின் கட்டாயம் இருந்தது. 1953 டிசம்பரில் போட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம், குத்தகைக்காரனுக்கு நிலம் கிடைக்கும் என்ற ஆசையைக் காட்டியதும் இருந்தது.

இவ்வளவு பேருக்குக் காட்டில் சமைத்தால் புகை காட்டிக்கொடுக்காதா?

காட்டிக்கொடுக்கும். ஹுவாங் காம் என்ற படைச் சமையல்காரர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்பை மண்ணுக்குள் தோண்டி, அதிலிருந்து நீளமான கால்வாய்களைச் சரிவில் மேல்நோக்கிக் கொண்டுபோய், மேலே கிளைகளைப் பரப்பி ஈரமண்ணால் மூடுவது. புகை அதற்குள்ளேயே ஊர்ந்து ஆறி, கடைசியில் தரையோடு மூடுபனி மாதிரிப் பரவிவிடும். பகலிலும் அடுப்பு மூட்டலாம். களத்துக்குச் சூடான சோறு போகும். இன்றும் வியட்நாமில் அந்த அடுப்புக்கு அவர் பெயர்தான்.

56 நாள் சண்டை எப்படி நடந்தது?

மார்ச் 13 மாலை ஐந்து மணிக்கு மலைகளிலிருந்து பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கின. அந்த இரவிலேயே பெயாத்ரீஸ் விழுந்தது. அந்தப் பகுதியின் தளபதி கர்னல் கோஷே தன் பதுங்கு அறையிலேயே கொல்லப்பட்டார். அடுத்த நாள் இரவு தொடங்கிய தாக்குதலில் விடியும்போது காப்ரியேல். ஆன்-மாரியில் இருந்த தாய் இன வீரர்கள் பெரும்பாலும் கலைந்துபோய்விட்டார்கள். எதிரி பீரங்கி மூன்று குண்டு சுடுமுன் அடக்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்த பீரங்கித் தளபதி பிரோத், இரண்டே நாளில் தன் பீரங்கிகளால் ஒன்றும் முடியவில்லை என்று கண்டார். ஏற்கெனவே ஒரு கையை இழந்தவர் அவர். கைக்குண்டின் ஊசியைப் பல்லால் இழுத்துத் தற்கொலை செய்துகொண்டார்.

அடுத்து ஓடுபாதை போனது. மார்ச் கடைசி வாரத்தில் வந்த விமானம் ஒன்று திரும்பப் பறக்க முடியாமல் நின்றுவிட்டது. அதில் வந்த செவிலியர் ஜெனவியேவ் தெ காலார் கடைசிவரை உள்ளேயே இருந்து காயம்பட்டவர்களைப் பார்த்தார். அதன்பின் எல்லாம் பாராசூட்டில்தான். விமான எதிர்ப்பு பீரங்கிக்குப் பயந்து உயரத்திலிருந்து போட்டால் பாதிச் சாமான் எதிரி பக்கம் விழுந்தது.

மார்ச் 30க்குப் பிறகு இது மண்வெட்டிச் சண்டை. கிழக்கு மேடுகளுக்கான மோதலில் வியட் மின் தரப்புக்குச் சேதம் மிக அதிகம்; படையில் சோர்வு தட்டியது, தலைமை அதைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட வேண்டிவந்தது. அதன்பிறகு ஜியாப் நேர்ப்பாய்ச்சலைக் குறைத்துப் பதுங்குகுழிகளை நெருக்கிக்கொண்டே போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல் வெட்டினார்கள். ஓடுபாதைக்குக் குறுக்கேயே ஒரு குழி போனது. ஏப்ரல் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பிரெஞ்சு மருத்துவர் குரோவன் சேறும் புழுவும் நெளியும் சுரங்க மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டிருந்தார்.

வியட்நாமியர் A1 என்றழைத்த எலியான்-2 மேடு மட்டும் விழவேயில்லை. அதற்கு அடியில் இரண்டு வாரத்துக்கு மேல் சுரங்கம் தோண்டி, ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக வெடிமருந்து நிரப்பினார்கள். மே 6 இரவு அது வெடித்தது. மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கு, ஜெனரலாகப் பதவி உயர்ந்திருந்த தெ காஸ்திரி பிடிபட்டார். வெள்ளைக்கொடி மட்டும் ஏற்றாதே என்று ஹனோயிலிருந்து கடைசி உத்தரவு வந்திருந்தது.

பதுங்கு அறைக் கூரைமேல் வீரர்கள் கொடியை ஆட்டும் அந்தப் பிரபலமான காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அது சண்டை முடிந்தபிறகு சோவியத் படப்பிடிப்பாளர் ரோமன் கார்மென் மறுபடி நடத்திப் படமெடுத்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

பிரெஞ்சுத் தரப்பில் களத்தில் இறந்தவர்கள் இரண்டாயிரத்தை ஒட்டி. பிடிபட்டவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். அவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். நோயிலும் பசியிலும் பெருவாரியாகச் செத்தார்கள். நாலு மாதம் கழித்துத் திரும்பியவர்கள் சுமார் 3,300 பேர்தான். வெற்றிவிழாப் பேச்சுகளில் இது வருவதில்லை. வியட்நாம் அரசுக் கணக்கில் தங்கள் தரப்பில் இறந்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். மேற்கத்திய மதிப்பீடுகள் எட்டாயிரம் வரை போகின்றன.

சீனா இல்லாமல் இது முடிந்திருக்குமா?

இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது. பீரங்கி, குண்டு, பயிற்சி, ஆலோசகர்கள் எல்லாம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவை. ஆனால் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1954இல் பிரான்ஸின் போர்ச்செலவில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காதான் ஏற்றது.

அமெரிக்கா நேரடியாக ஏன் இறங்கவில்லை?

இறங்கலாமா என்று யோசித்தது. பெரிய அளவில் விமானக் குண்டுவீச்சுக்குத் திட்டம்கூட இருந்தது. ஒரு நாடு விழுந்தால் வரிசையாக எல்லாம் விழும் என்ற புகழ்பெற்ற பேச்சை அமெரிக்க அதிபர் ஐசனோவர் பேசியதே இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 7 அன்றுதான். கூட்டாளிகள் சேர்ந்து வந்தால்தான் என்று அவர் நிபந்தனை வைக்க, பிரிட்டன் மறுத்துவிட்டது. ஆனால் பாராசூட் சரக்கு விமானங்களை ஓட்டியவர்களில் அமெரிக்கர்கள் உண்டு. மே 6 அன்று அவர்களில் இருவர் சுட்டுவீழ்த்தப்பட்டு இறந்தார்கள்.

சரி, ஜெயித்ததும் முழு சுதந்திரம் கிடைத்துவிட்டதா?

பிரெஞ்சு ஆட்சி போனது. நாடு ஒன்றாகக் கிடைக்கவில்லை.

மே 7 என்பது தற்செயலான நாள் இல்லை. இந்தோசீனா பற்றிய பேச்சு ஜெனீவாவில் மே 8 அன்று தொடங்கியது. கையில் வெற்றியோடு உட்கார வேண்டும் என்று வியட் மின் கணக்குப் போட்டிருந்தது. பாரிஸில் ஜூனில் ஆட்சி கவிழ்ந்தது. ஒரு மாதத்தில் சமாதானம், இல்லையேல் ராஜினாமா என்று சவால் விட்டு மெந்தேஸ் பிரான்ஸ் என்பவர் பிரதமரானார். ஜூலை 21 அன்று ஒப்பந்தம் முடிந்தது: 17ஆவது அட்சரேகையில் தற்காலிகக் கோடு, வடக்கே ஹோ சி மின், தெற்கே பிரான்ஸ் ஆதரித்த அரசு, 1956 ஜூலையில் பொதுத்தேர்தல். சீனாவும் சோவியத்தும்கூட வியட் மின்னை இதற்கு இணங்கச் சொல்லி நெருக்கின. அமெரிக்கா உள்ளே வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. தேர்தல் நடக்கவே இல்லை. தெற்கின் ஆட்சித் தலைவர் தியெம் மறுத்தார், அமெரிக்கா அவருக்குப் பின்னால் நின்றது. 1975 ஏப்ரல் 30 வரை இன்னொரு போர். களத்தில் ஜெயித்ததில் ஒரு பகுதியை மேசையில் விட்டுவிட்டார்கள் என்று சொல்வது தவறாகாது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதில் என்ன தொடர்பு?

நிறைய. பிரெஞ்சுத் துருப்புகளை ஏற்றிவந்த அமெரிக்க விமானங்கள் தன் வான்வழியாகப் பறக்க ஏப்ரலில் நேரு அனுமதி மறுத்தார். இலங்கையின் கொத்தலாவலை அரசு இறங்கிப்போக விட்டது, அதற்காக உள்ளூரில் வாங்கிக் கட்டிக்கொண்டது. அதே மாதக் கடைசியில் கொழும்பில் கூடிய ஐந்து ஆசியப் பிரதமர்கள் இந்தோசீனாவில் போர்நிறுத்தம் கோரினார்கள். ஜெனீவாவில் இந்தியாவுக்கு நாற்காலி கிடையாது, ஆனாலும் வி.கே. கிருஷ்ண மேனன் அங்கேயே சுற்றிச் சுற்றி எல்லாத் தரப்போடும் பேசினார். ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு இந்தியாதான் தலைமை. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். பிரெஞ்சுப் படை ஹனோயை விட்டு வெளியேறிய ஒரே வாரத்தில், அக்டோபர் 17 அன்று நேரு அங்கே போய் ஹோ சி மின்னைச் சந்தித்தார்.

புதுச்சேரி விடுதலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் சிலர் சொல்கிற அளவுக்கு நேரடியாக இல்லை. புதுச்சேரியில் இணைப்பு இயக்கம் சண்டைக்கு முன்பே சூடுபிடித்திருந்தது. பிரெஞ்சு ஆதரவு அரசியல்வாதியாக இருந்த கூபேரே 1954 மார்ச்சில் கட்சி மாறிவிட்டார். தியன் பியன் ஃபூ செய்தது, பாரிஸின் பிடிவாதத்தை உடைத்ததுதான். ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகேயும் கைமாறின. அக்டோபர் 18 அன்று, அதாவது நேரு ஹனோய் போய்ச்சேர்ந்த மறுநாள், கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள்: இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம். இரு வேலைகளையும் முடித்தது அதே மெந்தேஸ் பிரான்ஸ் அரசு.

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் சைகோனில் காவலர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் அதிகாரிகளாகவும் வேலை பார்த்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' வீடுகள் புதுச்சேரியில் இன்றும் உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே வட்டிக்கடை வைத்து, மீகாங் கழிமுகத்து வயல்களை அடமானம் பிடித்தார்கள். வியட்நாம் விவசாயியின் கண்ணில் இவர்கள் ஆட்சியின் ஒரு பகுதியாகவே பட்டிருப்பார்கள். நாம் பெருமையாகப் பேசும் சைகோன் தமிழர் வரலாற்றில் இந்தப் பக்கமும் இருக்கிறது. சைகோன் மாரியம்மன் கோயிலில் இன்று பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான் கும்பிடுகிறார்கள்.

மற்றக் காலனிகளில் என்ன விளைவு?

அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்த நாள் 1954 நவம்பர் 1. புதுச்சேரியில் மூவர்ணக் கொடி ஏறிய அதே நாள். வியட்நாமில் பிரான்ஸுக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய அல்ஜீரியர்களில் சிலர் அந்தப் போரில் மறுபக்கம் நின்றார்கள். மொராக்கோவும் துனீசியாவும் 1956இல் விடுதலை பெற்றன. அல்ஜீரியாவுக்கு 1962 வரை ஆனது.

இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். ஹனோயிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். இன்றைய விமான நிலையம் இருப்பது அந்தப் பழைய ஓடுபாதை இருந்த இடத்திலேயே. A1 மேட்டில் வெடிப்பள்ளம் அப்படியே இருக்கிறது. தெ காஸ்திரியின் பதுங்கு அறை, பெரிய வட்டச் சுவரோவியத்தோடு அருங்காட்சியகம், கொஞ்சம் தள்ளி மூங் பாங் காட்டில் ஜியாப்பின் தலைமையகம் எல்லாவற்றையும் பார்க்கலாம். மழைக்காலத்தைத் தவிர்த்துவிட்டால் நல்லது.

பிரெஞ்சுக்காரர்கள் அங்கே போகிறார்களா?

போகிறார்கள். 1993இல் அதிபர் மித்தரான் போனார். வெளிநாட்டுப் படையணியில் இருந்த ஒருவர் தன் தோழர்களுக்காக எழுப்பிய சிறு நினைவுத்தூண் ஒன்றும் அங்கே இருக்கிறது. 2024 மே 7 அன்று நடந்த எழுபதாம் ஆண்டு விழாவுக்கு பிரெஞ்சு ராணுவ அமைச்சரை வியட்நாமே அழைத்தது. அவர் வந்து அணிவகுப்பைப் பார்த்தார். மே 7 அங்கே பெரிய நாள்தான், ஆனால் அலுவலகங்களுக்கு விடுமுறை கிடையாது.